மச்சானுக்கு, பத்தலங்குண்டு போய் வந்த பிறகு

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சானுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மூத்தவள் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். மூன்று மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான், ஏசுவதானால் நேரில் ஏசு. இப்போது ஒன்றை உடனே சொல்ல வேண்டும். குளித்த ஈரம் காயுமுன் மேசைக்கு வந்துவிட்டேன்.

போன கடிதத்தில் கூரை வேலை, மூக்கனின் கல்யாணம், பேசாலைப் பெருநாள் என்று இரண்டு பக்கம் எழுதினாய். கடைசி வரியில் மட்டும், "தங்கச்சியின் மூத்தவன் இப்ப கடலட்டைக்குச் சிலிண்டர் போட்டு இறங்குறான், நல்ல உழைப்பு" என்று முடித்திருந்தாய். வாசித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். நேற்று இரவிலிருந்து அந்த ஒரு வரிதான் தலைக்குள் நிற்கிறது.

கிளப்போடு சுழியோடப் பழகுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? கீரிமலைக் கேணியில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தவன் நீ. (அன்றைக்கு உன் சாரம் போன போக்கை நான் மறக்கவில்லை.) அந்த நான் இப்போது பதினெட்டு மீற்றர் இறங்குகிறேன், மச்சான். வெள்ளி இரவு வான் வண்டியில் புறப்பட்டு, பாலாவியில் திரும்பி, நுரைச்சோலை தாண்டி விடியமுன் கற்பிட்டி. அங்கிருந்து ஒன்றரை மணிநேரம் படகு. பத்தலங்குண்டுத் தீவில் மணலும் மீன்வாடிகளும் கருவாட்டு மணமும்தான். கூடாரம் அடித்துவிட்டு, சனி காலை கடலுக்குள் பார் ரீஃப் என்ற முருகைக்கல் பாறைப் பக்கம் இறங்கினோம். 1998 இல் கடல் சூடேறி அங்கே முருகைக்கல் வெளுத்துச் செத்தது. மெல்ல மீண்டு வர, 2016 இல் திரும்பவும் வெளுத்தது. நான் பார்த்ததில் பாதி சாம்பல் நிறச் சல்லி. அதற்கு நடுவே மேசை போல விரிந்த புதுக் கல்லும், அதன் கீழே அசையாமல் நின்ற விளைமீன் கூட்டமும் கண்டேன். எவ்வளவு அழகு! அதைத் தனியாக எழுதுகிறேன்.

இரவு சமைக்கும்போது பக்கத்து வாடியிலிருந்து ஒரு பொடியன் பாரை மீன் கொண்டு வந்தான். வயது இருபத்தாறு. இடது காலை மணலில் இழுத்து இழுத்து நடந்தான். இரு என்றோம், நெருப்படியில் இருந்தான். ஒரு பொச்சுமட்டை வெடித்து, தணல் துண்டு அவன் இடது பாதத்தில் விழுந்தது. தோல் கருகும் மணம் எனக்கு வந்தது. அவன் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தான். நான்தான் பாய்ந்து தட்டிவிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலுக்குத் தெரியாது, அண்ணன்" என்றான்.

அவனும் கடலட்டைக்கு இறங்கியவன். இருபத்தைந்து, முப்பது மீற்றர், நாளுக்கு ஐந்து சிலிண்டர். ஒரு பின்னேரம் ஐந்தாவதை முடித்து ஏறியதும் தோள்மூட்டு வலித்திருக்கிறது. தைலம் பூசிப் படுத்தான். விடிய எழும்பப் பார்த்தால் இரண்டு காலும் இல்லை, சிறுநீரும் போகவில்லை. திரும்ப இறங்கினால் சரிவரும் என்று படகுக்காரர் சொல்ல, அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். வலது கால் திரும்பி வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தங்கச்சியின் மூத்தவனுக்குச் சொல்லிக் கொடு. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சோடு போகும் நைதரசன் இரத்தத்திலும் நரம்பிலும் கரைந்து நிற்கும். மெல்ல ஏறினால் நுரையீரலால் போய்விடும், விறுக்கென்று ஏறினால் உள்ளேயே குமிழியாகும். எங்கள் பயிற்றுநர் ஒரு இஞ்சி பியர் போத்தலின் மூடியை மெல்ல மெல்லத் திருப்பினார், நுரை வரவில்லை. இன்னொன்றை ஒரேயடியாகத் திறந்தார், மணிக்கட்டு வரை வழிந்தது. அந்த நுரை முள்ளந்தண்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசி.

நாங்கள் நாளுக்கு இரண்டு முறைதான் இறங்கினோம். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறக் கூடாது, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். முப்பது மீற்றரென்றால் முதல் தடவை இருபது நிமிடம்தான். அடுத்த தடவைக்கு அதுவும் குறையும், முதல் கரைந்தது இன்னும் முழுதாக வெளியேறியிருக்காது. 1908 இலேயே ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்ததை அந்தப் பொடியனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிலிண்டர் கொடுத்தவர் சொல்லவில்லை, அட்டை வாங்கினவரும் சொல்லவில்லை. எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

உழைப்பை விடச் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் மேலே வந்த பிறகு மூட்டு வலி, தோல் கடி, கால் விறைப்பு எது வந்தாலும் அவனைப் படுக்க விடாதே, திரும்ப இறக்கவும் விடாதே. ஒட்சிசன் கொடுத்தபடி நேரே ஆஸ்பத்திரி. ஆளை உள்ளே வைத்து அழுத்தத்தை ஏற்றி மெல்லக் குறைக்கும் அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லி நீயே நின்று கேள். வெட்கப்படாதே.

அப்புறம், கிளப்பில் ஒருவர் தான் பாவித்த டைவ் கம்பியூட்டரை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்தார். மணிக்கூடு போலக் கையில் கட்டுவது. ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் எல்லாம் காட்டும், வேகமாக ஏறினால் கத்தும். அது அவனுக்குத்தான். பட்டி எனக்கே இறுக்கம், அவன் கை உன் கை போல மொத்தமாகத்தான் இருக்கும். நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளந்து எழுது. புறக்கோட்டையில் நீளப் பட்டி வாங்கி மாற்றி, அடுத்த கிழமை மன்னார் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அது வரும்வரை இரண்டு சிலிண்டருக்கு மேல் அவன் இறங்கக் கூடாது, நான் சொன்னேன் என்று சொல்.

உன் மச்சான்