பெயர் சொல்ல விரும்பாத அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு

2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு ஊரடங்கும் அறிவிக்கப்பட்டபின், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் கல்வி வலையமைப்பினூடாக எங்களுக்கு ஸூம் வசதி கிடைத்தது. ஆனால், கரும்பலகையே கதியென்றிருந்த கணித விரிவுரையாளர்கள் நிறுவல்களை (தேற்றங்களின் நிரூபணங்களை) வரி வரியாக எழுதிக் காட்டுவது எப்படி என்பதற்கு எவரிடமும் விடை இருக்கவில்லை.

வேறொரு பீடத்தில் பணியாற்றிய நீங்கள், பயிற்சி அமர்வில் நான் கேட்ட அந்தக் கேள்வி கவனிக்கப்படாமல் போனதைக் கண்டு, அன்றிரவே தொலைபேசியில் அழைத்தீர்கள். புதிய கருவி எதையும் வாங்கச் சொல்லவில்லை (கடைகள்தாம் பூட்டிக் கிடந்தனவே). தடித்த புத்தகங்களை அடுக்கி, அவற்றின் இடையே இரண்டு அடிமட்டங்களைச் செருகி, நீண்டிருக்கும் முனைகளின்மேல் கைத்தொலைபேசியைக் கமரா தாளைப் பார்க்கும்படி வைத்து, அதையே இரண்டாவது பங்கேற்பாளராக இணைக்கச் சொன்னீர்கள். அதன் ஒலியை நிறுத்தாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும் என்றும் எச்சரித்தீர்கள்.

முதல் விரிவுரைக்கு மாணவரைப்போல ஓசையின்றி வந்திருந்து, "கை மறைக்கிறது, தாளைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள்" என்று தனிச்செய்தி அனுப்பினீர்கள். சிக்னல் கிடைக்காத மாணவர்களுக்காக, எழுதிய தாள்களைப் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றவும் கற்றுத் தந்தீர்கள். நேரடி விரிவுரையைவிட அதுவே அவர்களுக்கு அதிகம் உதவியது என்பது என் கணிப்பு.

பெயரை எழுதினால் கோபிப்பீர்கள் என்பதால் எழுதவில்லை. நீங்கள் மாற்றலாகிச் சென்றதாகப் பின்னர் அறிந்தேன். தம்பி, இது கண்ணில் பட்டால் என் பழைய இலக்கத்துக்கே அழையுங்கள். மிக்க நன்றி.