தைக்காமல் காத்திருந்த துணிகளும் சில நன்றிகளும்

மணப்பாறையில் என்னிடம் துணி கொடுத்தவர்களுக்கும், என் நோய்க்காலத்தில் திருச்சியிலும் வேலூரிலும் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும் வணக்கம்.

30 வருஷமாகத் தையல் மெஷினில் குனிந்தே இருப்பவனுக்கு முதுகு வலித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நானே படவில்லை. 2018 சித்திரையில் தொடங்கிய வலிக்கு ஐப்பசி வரை மருந்துக்கடையில் நானாக வாங்கி விழுங்கிய மாத்திரைக்குக் கணக்கில்லை. காட்டிய ஒரு டாக்டரும் ஸ்டூலை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஸ்டூல் இன்னும் கடையில் கிடக்கிறது, நல்ல ஸ்டூல்தான்.

முதல் நன்றி ரத்தம் பரிசோதிக்கும் லேப் தங்கச்சிக்கு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் நச்சரித்ததால் ஹீமோகுளோபின் மட்டும் பார்க்கப் போனேன். வெறும் 7.4. சீட்டை நீட்டி அனுப்பியிருந்தால் அதன் வேலை முடிந்தது. ஆனால் சாயங்காலம் போன் வந்தது. “அண்ணே, உங்க ரத்தத்தைக் கண்ணாடியில இழுத்துப் பார்த்தா சிவப்பணு எல்லாம் காசு அடுக்கி வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. புரதமும் ஒரு தடவை பார்த்துடுறேன், காசு வேணாம்.” 8-ஐத் தாண்டக்கூடாத மொத்தப் புரதம் எனக்கு 11.2 இருந்தது. அந்த ஒரு போன் வராவிட்டால் இன்னும் ஆறு மாசம் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

திருச்சியில் இளம் டாக்டர் தம்பி ஒருவர் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிப்பிள் மைலோமா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார். என் முழி பிதுங்கியதைப் பார்த்து, என் தொழிலை வைத்தே விளக்கினார். கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்வது மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள். அதில் ஒன்று கெட்டு, தன்னைப்போலவே பெருகி, யாருக்கும் பொருந்தாத ஒரே சட்டையைத் தைத்துக் குவிக்கிறது. குடோன் நிறைந்துவிட்டதால் சிவப்பணு செய்ய இடமில்லை. அந்தப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது, எலும்பும் கரைகிறது. மண்டை ஓட்டு எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். பூச்சி அரித்த கம்பளித் துணியை வெளிச்சத்தில் பிடித்தது போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.8. வலி மாத்திரைகளை அன்றே குப்பையில் போடச் சொன்னார். சிறுநீரகத்தை அவையும் சேர்ந்துதான் கெடுத்திருந்தன. “அடியோடு போயிடும்னு சொல்ல மாட்டேன், அடக்கி வைக்கலாம், திரும்ப வந்தா அதுக்கும் மருந்து இருக்கு” என்றார். பொய் சொல்லித் தேற்றாமல் இருந்ததற்கே அந்தத் தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

வாரம் ஒரு நாள் வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் என்ற புற்றுநோய் ஊசி. லெனலிடோமைடு மாத்திரை 21 நாள், அப்புறம் 7 நாள் ஓய்வு. வாரம் ஒரு முறை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம். அன்று ராத்திரி தூக்கம் கிடையாது, விடிய விடியப் பேசுவேன். கேட்டுக்கொண்டே இருந்த என் மச்சானுக்கு நன்றி. அவர் தூங்கிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. எலும்பைக் காக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுமுன் பல்லைக் காட்டச் சொன்னார்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அவசரமாக இரண்டு பல்லைப் பிடுங்கித் தந்த பல் டாக்டரம்மாவுக்கும் நன்றி.

நாலு சுற்று முடிந்து, 2019 வைகாசியில் ரத்த அணுக்களை உருவாக்கும் என் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏற்றுவதற்கு வேலூர் போனோம். பணத்துக்கு ஊர்த் தையல்காரர்கள் சீட்டுப்பணத்தையே தூக்கிக் கொடுத்தீர்கள். அது கடன், மறக்கவில்லை. அதற்கு முன் மெல்பலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ் கட்டியை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். நாக்கு மரத்து, போதும் என்று நான் கையைக் காட்டக் காட்ட, “இன்னும் ஒண்ணு, ஐயா” என்று ஊட்டிக்கொண்டே இருந்த நர்சம்மா, உங்கள் பிடிவாதத்தால் நான் கஞ்சியாவது விழுங்கினேன். வெள்ளையணு நூறுக்கும் கீழே இறங்கிக் கிடந்த நாட்களில் தட்டணு (பிளேட்லெட்) கொடுத்த நாலு பேரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஸ்டெம் செல் ஏற்றிய 12-ஆம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

லாட்ஜில் பக்கத்து அறை வங்காளத்து அக்காவையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரருக்கும் ரத்தத்தில்தான் நோய். அக்காவுக்குத் தமிழ் தெரியாது, என் வீட்டுக்காரிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. பச்சையாக எதுவும் கொடுக்கக்கூடாது, எல்லாம் வெந்திருக்க வேண்டும் என்பதைச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார். ஒரே வாடகை அடுப்பில் இரண்டு குடும்பச் சமையலும் நடந்தது. கடுகெண்ணெய் வாசனைக்கு நானும் பழகிவிட்டேன்.

இப்போது விரல் நுனி கொஞ்சம் மரத்தே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தி வர வேண்டும். மெஷின் ஓட்ட அது தடையில்லை. டாக்டரும் தினம் இரண்டு மணி நேரம் உட்கார அனுமதித்துவிட்டார்.

போன தீபாவளிக்குத் துணி கொடுத்த 17 பேரில் ஒருவர்கூட வந்து திருப்பிக் கேட்கவில்லை. பெயர்ச்சீட்டு குத்திய பை அப்படியே இருக்கிறது. பதினொன்று முடிந்துவிட்டது, நாலுக்குப் பட்டன் மட்டும் பாக்கி. சின்னப் பிள்ளைகளுடைய இரண்டுக்கு மட்டும் நேரில் வாருங்கள், ஒரு வருஷத்தில் வளர்ந்திருப்பார்கள், திரும்ப அளவு எடுக்க வேண்டும்.