விசுவாசத்துக்கு மார்க் போடாதீர்கள்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆயர்களுக்கும் பாஸ்டர்மாருக்கும், ஸ்தோத்திரம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, சீர்திருத்த ஞாயிறு பிரசங்கத்தை நன்றாகத்தான் செய்கிறீர்கள். 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தது, ரோமர் 3:28, 'கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்', அதாவது நம் நற்செயல்களால் அல்ல, விசுவாசத்தால்தான் தேவன் நம்மை நீதிமானாக ஏற்கிறார் என்பது, எல்லாம் வரும். சரி, மறுவாரம் ஜெப நேரத்தில் அது எங்கே போய்விடுகிறது?

கீமோ முடிந்து தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஜெபத்துக்கு முன்னால் வந்து நின்ற ஒரு அக்காவிடம், எங்கள் போதகர் மைக்கைக்கூட அணைக்காமல், "விசுவாசம் பத்தலம்மா, அதான் சுகம் வரல" என்று சொன்னதை எங்கள் சபை முழுக்கக் கேட்டது. அந்த அக்கா அப்புறம் ஆராதனைக்கே வரவில்லை.

சுகம் வேறு, நீதிமானாக்கப்படுவது வேறு என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அக்காவின் காதில் விழுந்தது, தேவன் என்னை ஏற்கவில்லை என்பதுதான். கிரியையால் ஆகாது என்று சொல்லிவிட்டு விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கி, அதற்கு அளவும் வைத்துவிட்டோம். இது சீட்டு விற்றதைவிடக் கொடுமை. அங்கே விலையாவது தெரிந்தது, இங்கே எவ்வளவு விசுவாசம் இருந்தால் போதும் என்று யாருக்குமே தெரியாது. மாற்கு 9-இல் பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதபோது, போய் விசுவாசத்தைச் சேர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லையே, பிள்ளையைத்தானே குணமாக்கினார்! பற்றிப்பிடிக்கிற கை நடுங்கினாலும் பரவாயில்லை, இரட்சிக்கிறவர் அவர்.

ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் இதற்காகச் சண்டை போட்ட லூத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையே, நம்மிடத்திலுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்கிறது. அவர்களே ஒத்துக்கொண்டதை நாம் நம் ஜனங்களிடம் ஏன் மாற்றிச் சொல்கிறோம்?

உடனே யாக்கோபு நிருபத்தை எடுப்பீர்கள், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று. நல்லது, அதே 2-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு எந்தக் கிரியையைப் பற்றிப் பேசுகிறார் என்றும் வாசித்துக் காட்டுங்கள். வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனுக்கு அதைக் கொடுப்பது. காணிக்கைக் கவரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். வியாதியோடு வருகிறவரிடம் அவருடைய விசுவாசத்தைப் பற்றி விசாரிக்காதீர்கள், கிறிஸ்து அவருக்குச் செய்ததைச் சொல்லுங்கள். இப்படிச் சபை முன்னால் யாரையாவது புண்படுத்தியிருந்தால், அவர் வீட்டுக்குப் போய், நாங்கள் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையார் ஒருவர்