டெஸ்க்கை விட்டு வந்தபின் ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

செய்தித் தொலைக்காட்சி வேலையை விட்டுவிட்டேன் என்பது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எட்டு வருஷம் டெஸ்க்கில் உட்கார்ந்து ஸ்க்ரோலும் (திரையின் அடியில் ஓடும் வரி) புல்லட்டினும் எழுதியவள். "வேற சேனல்ல கிடைச்சிருச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. இப்போதைக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது என்றால், அதற்குச் சிலர் காரணம்.

முதலில் அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 13. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கேட்டும் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து 13 நாள் ஆகியிருந்தது. பெரும்பாலும் பெண்கள். இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. நள்ளிரவை ஒட்டிப் போலீஸ் வந்து அவர்களைப் பேருந்துகளில் ஏற்றியது. எனக்கு நைட் ஷிஃப்ட். "ரிப்பன் மாளிகை முன் போராடிய தூய்மைப் பணியாளர்கள் கைது" என்று ஸ்க்ரோல் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் மேலிடத்திலிருந்து ஃபோன். 'கைது' வேண்டாமாம், 'போராடிய' வேண்டாமாம். "போக்குவரத்துக்கு இடையூறு: பணியாளர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்" என்று மாற்றச் சொன்னார்கள்.

மாற்றினேன். அதை மறைத்துவிட்டு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. மாற்றிவிட்டு, அந்த வரி திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் எதை அப்புறப்படுத்துவார்கள்? குப்பையை. காலமெல்லாம் அதைச் செய்தவர்களுக்கே அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டிருந்தேன். ஒரு ஊரே திரண்டு போய் ஒரு தெருவை அடித்தாலும் "இரு தரப்பினரிடையே மோதல்" என்றும், சட்டம் தடை செய்த பிறகும் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கிச் சாகவிட்டதை "விஷவாயு தாக்கி பலி" என்றும் எழுதிப் பழகிய கைதானே. அன்றைக்குத்தான் கூசியது.

கொள்கைக்காக விட்டாயா, முடியாமல் விட்டாயா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முந்தின மாதமே அம்மா ஃபோனில் பெரியப்பா தவறிவிட்டார் என்று சொன்னபோது, "எங்கே, எத்தனை பேர்?" என்று கேட்டவள் நான். அந்தப் பக்கம் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உடம்பும் மனசும் தெம்பாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் சமாளித்திருப்பேனோ என்னவோ.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

ஒளிபரப்பை இயக்கும் பேனல் ரூம் தம்பிக்கு. அன்று நீ செய்ததை இங்கே எழுத மாட்டேன். உனக்கு வண்டி இஎம்ஐ இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்குத் தெரியும் என்று நீ தெரிந்துகொண்டால் போதும்.

மருத்துவருக்கு. மாத்திரை எழுதுவதற்கு முன் முக்கால் மணி நேரம் கேட்டீர்கள். இந்த 'பர்ன்அவுட்'டுக்கு, அதாவது வேலையில் எரிந்து தீர்ந்துபோவதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் பட்டியலில் விளக்கம் தந்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றுதான் சொன்னது என்றீர்கள். "அப்போ வைத்தியம் யாருக்கு, எனக்கா ஆபீசுக்கா?" என்று நான் கேட்டதற்குச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து.

ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர், எங்கள் தொழிற்சங்கத் தோழருக்கு. ராஜினாமா கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் அடித்தீர்கள். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் வருஷச் சட்டத்திலேயே மனசாட்சியின் பேரில் விலகுகிறவருக்குத் தனி இடம் இருந்ததைச் சொன்னீர்கள். மற்ற காரணத்துக்கு விலகினால் பணிக்கொடைக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டியிருந்தது, மனசாட்சிக்கு மூன்று வருஷமே போதுமாக இருந்தது. "ஆனா அது செய்தித்தாளுக்கும்மா, உனக்கு இல்ல" என்று அடுத்த மூச்சிலேயே சொன்னீர்கள். பரவாயில்லை தோழர். எட்டு வருஷம் ஆனதால் என் பணிக்கொடை பொதுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். கடிதத்தில் அதையே எழுதினேன். எச்ஆரில் இரண்டு முறை படித்துப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் பொதுவில் நன்றி சொன்னால் திட்டுவார்கள். மூன்று மாத வாடகையைக் கணக்கில் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், எங்கள் தெருவில் குப்பை அள்ளும் அக்காவுக்கு. எங்கள் தெரு ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரில் வருகிறது. அந்த 13 நாளும் நீங்கள் ரிப்பன் மாளிகையில்தான் இருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலையை விட்டபின் ஒரு காலையில் கேட் அருகே நிறுத்தி, ஸ்க்ரோலில் நான் எழுதியதைச் சொன்னேன். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "பஸ்ல ஏத்தும்போது என் செருப்பு ஒண்ணு போயிடுச்சும்மா. அதையெல்லாம் எழுத மாட்டீங்களா?" என்று கேட்டீர்கள். எழுதவில்லை அக்கா. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். முகத்துக்கு நேரே என்னிடம் அதைக் கேட்டதற்கு நன்றி.

ஆபீஸ் வாசல் டீக்கடை அண்ணனுக்கு 340 ரூபாய் பாக்கி. "வேலை கிடைச்சதும் குடு" என்றார். அதுவரை காத்திருக்க வைக்க எனக்கு மனசில்லை, இந்த வாரமே வருகிறேன். சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நைட் ஷிஃப்ட்