வலிப்பு மாத்திரையும் உங்கள் ஞாயிறு இணைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், "வலிப்புக்குத் தரும் மாத்திரைகள் மூளையை அணைத்துப் போடுகின்றன" என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை, 'நமது நிருபர்' என்று மட்டும் போட்டிருந்தது. அதனால் தங்களிடமே கேட்கிறேன்.

தாங்கள் அறியாதது அல்ல. மூளையில் ஒரு நரம்புச் செல்லை உசுப்பிவிடும் வேதிப்பொருள் பெரும்பாலும் குளூட்டமேட், அடக்கிவைக்கும் வேதிப்பொருள் காபா. அந்தக் காபாவே குளூட்டமேட்டிலிருந்துதான் தயாராகிறது. செல்லில் இவை போய் ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். காபா போய் ஒட்டியதும் காபா-ஏ ஏற்பி திறக்கும், குளோரைடு உள்ளே போகும், அந்தச் செல் எளிதில் கிளம்பாது. காபா-பி ஏற்பி வேறு மாதிரி. அது குளூட்டமேட்டை அனுப்பும் நரம்பு முனையிலேயே இருந்துகொண்டு, கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கும். கால்சியம் குறைந்தால் குளூட்டமேட் வெளியே வருவதும் குறையும். உசுப்பும் செய்தி எவ்வளவு போக வேண்டும் என்பது கிளம்பும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. இது நோயாளியின் மூளையில் மட்டும் நடப்பதல்ல, இதை வாசிக்கும் தங்கள் மூளையிலும் நடக்கிறது. பேச்சிப்பாறையில் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கினால் 'அணை செத்தது' என்று தலைப்புப் போடுவீர்களா?

வலிப்பு மாத்திரைகளில் குளோபசாம், குளோனசிபாம் எல்லாம் காபா-ஏ ஏற்பியில் ஒட்டி, காபா செய்கிற வேலையைக் கூட்டிக் கொடுப்பவை. ஃபெனிட்டாயின், கார்பமசிபைன் முக்கியமாக, நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியில் வேலை செய்பவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் உங்கள் நிருபர். தூக்கம் வரும், மந்தமாக இருக்கும் என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது உண்மை. அளவை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

அடக்குவதெல்லாம் கெடுதல் என்றால் எட்டிக்கொட்டை தின்றவன் மேதையாகியிருக்க வேண்டும். அதிலுள்ள ஸ்ட்ரிக்னைன், தண்டுவடத்தில் அடக்கும் வேலையைச் செய்கிற கிளைசின் ஏற்பியை மறித்துவிடும். அப்புறம் சின்னச் சத்தம் கேட்டாலே உடம்பு முறுக்கி வளையும், கடைசியில் மூச்சும் நிற்கும்.

நான் மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். பனையிலிருந்து விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, கால் விறைத்துப்போன ஒருவர் எங்கள் கடையில் மாதாமாதம் பேக்லோஃபென் வாங்குகிறார். அது காபா-பி மேல் வேலை செய்யும் மாத்திரை. அதைப் போட்டால்தான் அவரால் காலை மடக்கி உட்கார முடிகிறது. நரம்பை அடக்குவது பாவம் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் ஒரு அம்மா உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "மவனுக்கு வாங்கின மாத்திரைய திரும்ப எடுப்பியளா?" என்று கேட்டார். என் அக்கா மகளின் கதையைச் சொல்லித்தான் அவரைத் திருப்பி அனுப்ப முடிந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசியபோது, மாத்திரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று வீட்டில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். வலிப்பு விடாமல் வந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மாத்திரைக்குப் பழகிய மூளையிலிருந்து அதைத் திடீரென்று உருவினால், உசுப்பும் பக்கம் கட்டுக்கு அடங்காது. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வருவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். இதை எழுத மட்டும் இடம் இருக்காது.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் கேள்வி பதில் பகுதியில் போன வருஷம்கூட 'அத்தகைய திருமணம் செல்லாது' என்று பதில் வந்தது. கடிதம் போட்டேன். நாலு வரியாக வெட்டி வெளியிட்டீர்கள். சட்டம் போய்விட்டது, பத்திரிகையைப் பாராட்டி எழுதிய முதல் வரி மட்டும் மிஞ்சியது. நன்றி. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் படம் போட்டதற்கு எழுதிய கடிதத்துக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

அப்புறம், அதே பக்கத்தின் அடியில் 'வலிப்பு நோய் பூரண குணம்' என்று ஒரு விளம்பரம். வலிப்பைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அதுவும் தங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே மாத்திரை கெடுதல், கீழே எங்களிடம் வாருங்கள். தற்செயலாகத்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போட்டால் போதும்: 'வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.' இந்தக் கடிதத்தையும் வெளியிடுவதாக இருந்து இடம் போதாவிட்டால், என் கடை விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள். காபாவை வெட்டாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்