ஓய்வுபெற்ற ஓவர்சீயருக்குச் சில புது நாவல்கள்

அன்புள்ள சித்தப்பா,

கல்லிடைக்குறிச்சி கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்டீர்கள்: "ஏட்டி, சுஜாதாவுக்கு அப்புறம் இந்த மாதிரி விஞ்ஞானக் கற்பனைக் கதையெல்லாம் யாரும் எழுதுதாவளா இல்லையா?" அந்த மேளச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்கிறார்கள் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். அதிலும் சில நாவல்களைப் படிக்கும்போது, இதற்கு நம்ம சித்தப்பாதான் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ராக்கெட், வேற்றுக்கிரகம் என்றதும் 'நமக்கு எதுக்கு அது' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இன்று வருகிற நல்ல நாவல்களுக்கு ஆற்றையும் கரையையும் சாமியையும் தெரிந்தவர்கள்தான் தேவை. நீங்கள் அந்த மூன்றோடும் வாழ்ந்தவர்.

முதலில் ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டெட் கப்'. 2024-இல் வந்தது, அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைகளுக்கும் தருகிற ஹ்யூகோ விருதை 2025-இல் வாங்கியது. ஒரு பேரரசு. மழைக்காலம் வந்தால் கடலுக்குள்ளிருந்து மலை உயர மிருகங்கள் கரையேறும். தடுப்பதற்குக் கடற்சுவர், சுவரைக் காப்பாற்ற ஒரு பொறியாளர் படை. கதை ஒரு கொலையில் ஆரம்பிக்கிறது. ஒரு பொறியாளர் செத்துக் கிடக்கிறார், அவர் உடம்பைப் பிளந்துகொண்டு ஒரு மரம் முளைத்து நிற்கிறது. துப்பறிகிற அனா என்ற பெண்மணி கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்து யோசிப்பவர். அவருக்காக அலைகிற தின் என்ற பையனோ பார்த்தது எதையும் மறக்காதவன். குப்பியில் இருக்கும் வாசனையை முகர்ந்துகொண்டே ஒரு அறையைப் பார்ப்பான். பிறகு அதே வாசனையை முகர்ந்தால் அறையில் இருந்த அத்தனையும் வரிசையாக வாயில் வரும்.

துப்பறியும் கதைக்காக மட்டும் இதை முதலில் வைக்கவில்லை. இதில் எந்த ராஜகுமாரனும் வாளோடு வந்து நாட்டைக் காப்பாற்றுவதில்லை. கரையைச் சோதிக்கிறவர்கள், சாமான் கணக்கு எழுதுகிறவர்கள், ராத்திரி மழையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இவர்களால்தான் நாடு நிற்கிறது என்று உறுதியாக நம்புகிற நாவல் இது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் பார்த்தவர் நீங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓய்வுபெற்ற பிறகும், விடிய விடியப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அந்தப் பதற்றம் இந்தப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இதன் அடுத்த பாகமும் 2025-இல் வந்துவிட்டது.

அடுத்தது இலங்கைக்காரர் ஒருவர் எழுதியது. வஜ்ர சந்திரசேகர, கொழும்புக்காரர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023-இல் வந்து, அதே வகைக் கதைகளுக்குத் தருகிற நெபுலா விருது பெற்றது. சமீபத்தில் படித்தவற்றில் இதைத்தான் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன். பிறந்த நிமிஷமே பிள்ளையின் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து, பிய்த்தெடுத்துவிடுகிறாள் தாய். நிழலில்லாத பிள்ளையின் கால் தரையில் சரியாகப் பாவுவதில்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பேய்கள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. ஊரே கும்பிடுகிற மகானான தகப்பனைக் கொல்ல வேண்டும் என்றே தாய் அவனை வளர்க்கிறாள். வளர்ந்ததும் அவன் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பெரிய நகரத்துக்கு ஓடிப்போகிறான். அங்கே, மூடியபிறகு திறக்கவே முடியாத, பளிச்சென்று வண்ணம் தீட்டிய கதவுகள் தெருவெல்லாம் இருக்கின்றன.

இதை ஒரு வெள்ளைக்காரர் படித்தால் ஆணியிலேயே திகைத்து நிற்பார். பேயை ஆணியடித்துப் புளியமரத்தில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே தடங்கலே இல்லை. சுடலைமாடன் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர் நீங்கள். விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பிணம் தின்றதால் கைலாயத்திலிருந்து பூமிக்கு அனுப்பப்பட்ட கதை உங்களுக்கு மனப்பாடம். தெய்வத்தின் வீட்டிலும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் தீராத கணக்கு உண்டு என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்தார்த்தன் விட்டுப்போன மகனின் நிழலும் இந்தக் கதையில் விழுகிறது.

கொஞ்சம் பொறுமை வேண்டும். பாதிக்கு மேல் கதை இருண்டுபோகிறது. ஆட்களை இனம், சாதி என்று தாளில் பிரிக்கிற அரசு, நோய்க்கால முகாம்கள், கும்பல் வன்முறை என்று போகும். 1983-க்குப் பிறகு நம் மாவட்டத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோடு பேசிப் பழகியவர் நீங்கள், அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட உங்களால் முடியாது. இந்தக் கதையைச் சொல்வது யார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ரே நேய்லரின் 'தி மவுண்டன் இன் தி சீ' (2022) வியட்நாமின் கோன் தாவோ தீவுகளில் நடக்கிறது. பேய்க்கணவாய்கள் (ஆக்டோபஸ்) தங்களுக்குள் ஒரு மொழி வைத்திருக்கின்றன, அதை அவை உடம்பின் தோலிலேயே எழுதிக் காட்டுகின்றன. ஆராயப் போகும் பெண் விஞ்ஞானிக்கு வருகிற முதல் பயம், இவற்றின் பேச்சு புரிந்துவிட்டால் மனிதர்கள் இவற்றை விட்டுவைப்பார்களா என்பதுதான். இன்னொரு பக்கம், ஆளே ஓட்டாமல் இயந்திர மூளை ஓட்டுகிற மீன்பிடிக் கப்பலில் அடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களின் கதை. உவரியிலும் கூத்தங்குழியிலும் கடலுக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடிந்துவிடும். முடிவில்லாத மண்டபங்கள், சுவரெல்லாம் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே தனியாக வாழ்கிற ஒருவன் அலை ஏறி இறங்குகிற நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கிறான். தினமும் காலையில் ஆற்று நீர்மட்டத்தின் கேஜ் அளவை ரிஜிஸ்தரில் ஏற்றிய உங்களுக்கு அவனைப் பிடித்துப்போகும்.

மகேந்திரகிரி இஸ்ரோவில் வேலைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற தம்பிக்கு ஆண்டி வெய்ரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) கொடுங்கள். பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார் ஒருவர் விண்கலத்தில் தனியாகக் கண் விழிக்கிறார், தன் பெயர்கூட நினைவில்லை. வசனம் சுமார்தான். ஆனால் ஒவ்வொரு சிக்கலையும் கணக்குப் போட்டே அவிழ்க்கிற விதத்தில் பையன் ராத்திரி தூங்க மாட்டான்.

தமிழில் வேண்டும் என்றால் சுதாகர் கஸ்தூரியின் '6174'. இது கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்தது, ஆனால் விட்டுவிடக் கூடாது. தலைப்பிலிருக்கும் எண்ணைக் கண்டு சொன்னவர் கப்ரேகர் என்ற நம் நாட்டுக் கணக்கு வாத்தியார். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள், 3524 என்று வைத்துக்கொள்வோம். பெரியதாக அடுக்கி, சிறியதாக அடுக்கிக் கழிக்க வேண்டும்: 5432-இல் 2345 போனால் 3087. பிறகு 8730-இல் 378 போனால் 8352. அப்புறம் 8532-இல் 2358 போனால் 6174. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு தடவைக்குள் இங்கேதான் வந்து நிற்கும்.

மற்றவையெல்லாம் நான் ஆங்கிலத்தில் படித்தவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டே. 'டெய்ன்டெட் கப்' என்னிடம் இருக்கிறது, இந்த வாரமே கூரியரில் அனுப்புகிறேன். அதில் ஓரிடத்தில் சுவர் உடைகிறது. ஏன் உடைந்தது என்று அனா சொல்கிற காரணம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கட்டுமானம் தெரிந்த ஆள் ஒத்துக்கொள்வாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அத்தியாயம் வந்ததும் போன் பண்ணுங்கள். சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்