50 சதவீதம் கேட்டதற்கு 90 சதவீத நிழல் வலை: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்
மாடித்தோட்ட வாடிக்கையாளர்,
பள்ளத்தூர், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான நிழல் வலை அனுப்பியது, அதற்குப் பரிகாரமாக டானிக் விற்க முயன்றது தொடர்பாக.

ஐயா,

எங்கள் பின்கட்டு மொட்டை மாடிக்கு 50 சதவீத ஷேட் நெட் (வெயிலில் பாதியை மறைக்கும் நிழல் வலை) கேட்டு, பங்குனியிலேயே முழுப் பணத்தையும் கட்டினேன். வந்த சுருளின் உறையில் 50 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வலையைக் கட்டி முடித்த பிறகு அந்த உறையை மடிக்கையில் ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் 90 என்று அச்சு. இரண்டின் படங்களையும் ரசீது நகலையும் இணைத்துள்ளேன்.

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி சொன்னது: "வலை அடர்த்தியா இருந்தா நல்லதுதானே மேடம், நம்ம ஊரு வெயிலுக்கு! செடி வெளுத்தா எங்க டானிக்க வாங்கி ஊத்துங்க." பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மதிய வெயிலில் நீரிழப்பைத் தடுக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போகாது. காற்றில் அது இருப்பதே 0.04 சதவீதம்தான். வெயில் கொட்டிக் கிடந்தும் அந்நேரத்தில் ஒளிச்சேர்க்கை மந்தமாகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்கு முழு வெயிலில் பாதியோ அதற்கும் குறைவோ கிடைத்தாலே இலையின் ஒளிச்சேர்க்கை வேகம் உச்சத்தை நெருங்கிவிடும். அதற்காகத்தான் 50 கேட்டேன். அது தாராளத்துக்குச் சொன்ன எண் அல்ல.

90 சதவீத வலை பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். உச்சி வேளையில் திறந்தவெளியில் 1 லட்சம் லக்ஸை ஒட்டிக் காட்டிய கைப்பேசி, வலைக்குக் கீழே 10,000ஐத் தாண்டவில்லை. காலையிலும் மாலையிலும் நிலைமை இன்னும் மோசம். செடி இரவும் பகலும் சுவாசித்துச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. வரவு அந்தச் செலவுக்கே சரியாகப் போனால் வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? தக்காளித் தண்டு நூலாக நீண்டது, இலை வெளிறியது, பூ உதிர்ந்தது.

இதற்கு டானிக் என்ன செய்யும்? எஃப். எஃப். பிளாக்மன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் 1905இலேயே விளக்கிய விஷயம் இது: ஒளி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பம் ஆகியவற்றில் எது பற்றாக்குறையோ அதுதான் ஒளிச்சேர்க்கையின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும், மற்றவற்றைக் கூட்டிப் பயனில்லை. என் மாடியில் பற்றாக்குறை ஒளிக்குத்தான் இருந்தது. அதை மறைத்தது உங்கள் வலை. அடுப்பை அணைத்துவிட்டு அரிசியை மட்டும் கூடுதலாகப் போடச் சொல்வது போன்றது உங்கள் யோசனை.

உறைக்குள் வைத்திருந்த துண்டறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பச்சை வலை பச்சையத்தைத் தூண்டும்" என்கிறீர்கள். பச்சையம் மிகுதியாக உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும். பச்சை ஒளி அறவே வீண் என்று சொல்லமாட்டேன், இலை அதையும் ஓரளவு பயன்படுத்தும். ஆனால் தூண்டும் என்பது கட்டுக்கதை. "வலைக்குள் இலைகள் கார்பன் டை ஆக்சைடைப் பிளந்து அதிக ஆக்சிஜன் தரும்" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். இலை விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது. ரூபன், கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1941இல் கன ஆக்சிஜன் (எடை கூடிய ஆக்சிஜன் வகை) கொண்ட நீரை வைத்து அதைக் காட்டிவிட்டார்கள். நீரைப் பிளக்கும் ஆற்றலை ஒளிதான் கொடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே கார்பன் டை ஆக்சைடு பிறகு சர்க்கரையாகிறது. ஒளியைக் குறைத்தால் ஆக்சிஜனும் குறையும்.

"கீரைக்கு மிகச் சிறந்தது" என்ற வரியின் மீதுதான் எனக்கு அதிகக் கோபம். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் கம்பு, கேழ்வரகு போல வேறு வழியில் கார்பனைச் சேர்ப்பவை. முழு வெயில் வரைக்கும் அவற்றின் ஒளிச்சேர்க்கை வேகம் ஏறிக்கொண்டே போகும். நிழலில் முதலில் சோர்ந்ததும் என் கீரைப் பாத்திதான். ஓரத்துத் தொட்டியிலிருக்கும் வெற்றிலைக் கொடி மட்டும் தழைத்தது. அது அகத்தி நிழலில் வளர்ந்து பழகிய சாதி. அந்த ஒரு கொடிக்காக மாடி முழுக்க வலை போடுவார்களா?

வலைக்கும் கட்டுக் கூலிக்கும் வாங்கிய தொகை முழுவதையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மாற்று வலை வேண்டாம். காரைக்குடியிலேயே கையால் விரித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். துண்டறிக்கையையும் திருத்துங்கள். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

உங்கள் வலையை இப்போது அவிழ்த்து மடித்து வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்பினால் முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள். ஒட்டிய ஸ்டிக்கரும் உறையும் என்னிடமே இருக்கும், அவற்றைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்